மேசைப் பக்கம்

நீக்க உத்தரவில் பெயருக்கு நேரே காரணம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

செல்வின். ஒன்பதாம் எண். இறுதி ஆட்டத்தில் கட்டுப்பாடின்மை. ஐந்தாவது ஃபவுல். ஒரு புள்ளியில் தோல்வி.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவன் பதினோரு வருடம் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று கத்தியவன். ஆலைக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். இப்போது விளையாட்டுப் பிரிவு மேலாளர். முதல் மாடியில் அறை. சன்னலுக்குக் கீழே ஆடுகளம்.

நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தான்.

அணியிலிருந்து நீக்கினால் செல்வினின் ஆலை வேலையும் போகும். அவனைத் தூத்துக்குடியிலிருந்து அழைத்து வந்ததும் இவன்தான்.

எதிரே நின்றிருந்த பணியாளர் அதிகாரி நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க கோச், கையெழுத்துப் போடறதுக்கும் டைம் அவுட்டுங்களா?"

அவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டக்காரன் வெளியேற வேண்டும். நான்கு ஆனதுமே பயிற்சியாளர் அவனை அழைத்து உட்கார வைத்துவிடுவார். கணக்கு வைத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஃபவுலுக்கும் ஸ்கோரர் மேசையில், அந்த ஆட்டக்காரனுக்கு அது எத்தனையாவது என்று காட்டும் எண் பலகை உயரும்.

அந்தப் பக்கம் பார்த்தால் போதும்.

ஆறு வருடம் அந்த மேசையில் சுகிர்தா இருந்தாள். அவன் மனைவி.

எல்லா அணிக்கும் ஒரே உயரத்தில்தான் தூக்குவாள். ஆனால் பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கும்வரை இறக்க மாட்டாள். எதிரணி என்றாலும் அப்படித்தான். அதற்காக வீட்டில் ஒருமுறை சண்டை வந்தது.

"உங்களுக்காகத் தூக்கறது இல்ல அது. ஆடறவனுக்காக."

மாசியில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல்.

சித்திரையில் இறுதி ஆட்டம். மேசையில் வேறு யாரோ. ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஆட்டம் முடியும்வரை அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த மாதம் அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இரக்கமாக இருக்கலாம். மறுக்கவும் தோன்றவில்லை.

செல்வினுக்கு இந்தத் தாள்.

காலையில் செல்வின் வந்திருந்தான். கெஞ்சவில்லை. உட்காரவும் இல்லை. போகும்போது கதவருகே நின்றான்.

"நாலாவதுக்கு அப்புறம் உங்களையேதான் பார்த்துட்டு இருந்தேன் சார். கூப்பிடுவீங்கன்னு."

நாச்சிமுத்து பார்த்திருக்க, அவன் பேனாவைத் திறந்தான். தட்டச்சு வரியை ஒரே கோட்டில் அடித்தான். மேலே எழுதினான்.

செல்வின் நீடிக்கிறார். தவறு பயிற்சியாளருடையது. அவர் மேசையைப் பார்க்கவில்லை.

கையெழுத்திட்டான்.

நாச்சிமுத்து வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மேல கொண்டுபோனா உங்களைத்தானுங்க கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அவர் தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

கீழே விசில் ஒலித்தது. மாலைப் பயிற்சி ஆட்டம். ஷூக்கள் தரையில் கிறீச்சிட்டு நின்றன. யாரோ ஃபவுல் செய்திருக்க வேண்டும்.

நாற்காலி கனமாக இருந்தது. எழுந்து, அதைத் தூக்கித் திருப்பிப் போட்டான்.

கீழே ஸ்கோரர் மேசையில் முன்பின் தெரியாத ஒரு பெண். கையில் பலகை. புதிய பயிற்சியாளர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவள் தூக்கியபடியே இருந்தாள்.

நான்கு.

அவன் பார்த்தான்.

பலகை இறங்கவில்லை.

சன்னலைத் திறந்தான்.