நுரையீரலுக்கு ஒரு சத்தம்

‘ஷூ’ என்று மூச்சை நீளமாக விடச் சொன்னதும் சின்னம்மாள் சிரித்துவிட்டாள்.

“இது கோழி வெரட்டற சத்தமுங்க, நர்சம்மா.”

மாதா கோயில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராஜமேரியும் சிரித்தாள். பினாங்கில் குடியிருந்த வீட்டின் சீனத்தி இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவளும் இப்படித்தான் சிரித்தாள்.

பல வருஷம் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, இந்தக் கோடையில், மூன்று வாரத்துக்கு முன்னால்தான், தர்மபுரிப் பக்கம் இண்டூரில் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்திருந்தாள்.

தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று சொல்லி வந்த பெண்களைக் காலைப் பூசை முடிந்ததும் உட்கார வைத்து, மூச்சோடு சத்தமும் சேர்ந்த ஒரு சீனத்துத் தியானத்தைச் சொல்லிக்கொடுத்தாள். சிகுங் என்று அதற்குப் பெயர். யார் வாயிலும் நுழையவில்லை. ‘சைனா மூச்சு’ என்றார்கள். பூசைக்கு வராத சின்னம்மாள்கூட இதற்கு வந்தாள்.

உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சத்தம். கல்லீரலில் கோபம் தங்கும், ‘ஷூ’ என்றால் இறங்கும். சிறுநீரகத்தில் பயம் தங்கும், ‘ஃபூ’ என்று ஊத வேண்டும். சீனத்தி சொன்னதை ராஜமேரி அப்படியே சொன்னாள்.

“இது அடுப்பு ஊதறதுங்க.”

மறுபடி சிரிப்பு. ராஜமேரிக்குப் பிடித்திருந்தது. சிரித்தாலும் மூச்சு இறங்கத்தானே செய்கிறது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ராயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

வந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான். கண்ணை மூடச் சொன்னால் மூடுவாள். கையை வயிற்றில் வைக்கச் சொன்னால் வைப்பாள். சத்தம் மட்டும் வராது.

அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்த நாத்தனார் மதலேனம்மாள் சொன்னது இவ்வளவுதான்: “நெஞ்சைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. தர்மபுரிக்குப் போயி எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க.”

கூச்ச சுபாவம் போல என்று ராஜமேரி நினைத்திருந்தாள். இன்று எப்படியாவது அவளை வாய் திறக்க வைத்துவிடுவது என்று, அவளுக்கு நேர் எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அடுத்தது நுரையீரல். துக்கம் தங்கற இடம். பல்லைச் சேத்து வெச்சுக்கிட்டு மெதுவா விடணும்.”

செய்து காட்டினாள்.

“ஸ்ஸ்ஸ்…”

“அய்யோ நர்சம்மா, புள்ளைய ஒண்ணுக்கு உட வெக்கற சத்தமுங்க இது!”

கொட்டகையே குலுங்கியது. அடுத்த கணம், யாரோ கதவைச் சாத்தியது போலச் சிரிப்பு நின்றுபோனது.

சின்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

ராஜமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்ப் பக்கம் மட்டும் யாருடைய பார்வையும் போகவில்லை.

மதலேனம்மாள் ராஜமேரியின் காதருகே குனிந்தாள்.

“இவளுக்கு ஒரு பையனுங்க. எட்டு மாசம். காய்ச்சல்ல போயிட்டான். போன மாசந்தான். இவ இன்னும் அழுவவே இல்லீங்க.”

ராஜமேரி ஆஸ்பத்திரியில் எத்தனையோ தாய்மார்களிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இப்போதோ, இதை விட்டுவிடலாம், அடுத்த சத்தத்துக்குப் போய்விடலாம் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் ராயம்மாள் சம்மணத்தைப் பிரித்தாள்.

இரண்டு கால்களையும் முன்னால் நீட்டினாள். சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டாள். பாதங்களை ஒன்றுக்கொன்று அணைத்தாற்போல் வைத்து, நடுவில் கொஞ்சம் இடம் விட்டாள். அங்கே உட்கார்ந்திருப்பவன் சாய்ந்துவிடாமல் இருக்க, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்ஸ்ஸ்…”

மெல்லியதாக வந்தது. முடிகிற இடத்தில் மூச்சு தடுக்கியது. திரும்ப இழுத்து, திரும்ப விட்டாள். இரண்டாவது கொஞ்சம் நீளமாகப் போனது.

சின்னம்மாள் கையை வாயிலிருந்து எடுத்தாள். அவளும் காலை நீட்டிக்கொண்டாள். அப்புறம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். அதற்கும் பக்கத்தில் இருந்தவள். பிள்ளை பெறாத மதலேனம்மாளும் நீட்டினாள்.

கொட்டகை முழுக்க அந்தச் சத்தம்தான் இருந்தது. ராஜமேரி யாரையும் கண்ணை மூடச் சொல்லவில்லை.

ராயம்மாளின் கன்னத்தில் தண்ணீர் இறங்கி மோவாயில் நின்று சொட்டியது. அவள் துடைக்கவில்லை. கைகளை எடுத்தால் அவன் விழுந்துவிடுவான்.

சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது, மதலேனம்மாள்தான் முதலில் பார்த்தாள். ராயம்மாளுடைய ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, நனைவு பரவிக்கொண்டிருந்தது. பால் வற்றுவதற்கு மாத்திரை கொடுத்து, நின்றுவிட்டது என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அவசரமாக எட்டி, முந்தானையை இழுத்து மூடப் போனாள்.

ராயம்மாள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

“இருக்கட்டும் அண்ணி,” என்றாள். கரகரத்த குரல். ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல்.

பிறகு எதிரே இருந்தவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொருக்கா சொல்லிக்குடுங்க, நர்சம்மா.”