இடப்பக்கக் கண்ணாடி

பழைய ஜேசிபியை எனக்கு விற்றவர், சாவியைத் தரும் முன் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார். நிற்கிற வண்டிக்கு எதற்கு இது என்று நினைத்தேன், கேட்கவில்லை.

எங்கள் நிலத்தில் வாய்க்கால் வெட்டவும் கல் வாரவும் அது வேண்டியிருந்தது. மெக்கானிக்கான என் மச்சான் வாளிக்குப் புதுப் பல் மாட்டினான், சீட்டை மாற்றினான். "வண்டி மேல இருக்கற அக்கறையில பாதி வீட்டு மேல இருந்தா கூரை ஒழுகாது," என்றாள் மனைவி.

ஒரே ஒரு தொல்லை. நான் நேராக வைத்துவிட்டுப் போகும் இடப்பக்கக் கண்ணாடி, காலையில் பின்சக்கரத்தைப் பார்த்துக் கீழே திரும்பியிருக்கும். மச்சான் புதுக் கண்ணாடி போட்டு நட்டை இறுக்கினான். மறுநாள் அதுவும் குனிந்திருந்தது.

"அவ்ளோ கீழ யாரு மாமா நிக்கப் போறாங்க?" என்று சிரித்தான்.

சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று வண்டியைப் பின்னால் எடுக்கக் கியர் போட்டேன். கண்ணாடியில் மனைவியின் முதுகு தெரிந்தது. சக்கரத்தை ஒட்டிக் குந்தி, செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. இறங்கிப் போய்த் தோளைத் தொட்டேன்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

இன்று காலை கண்ணாடி நேராக இருந்தது. நான் தொடவே இல்லை.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு, நானே கண்ணாடியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பி வைத்தேன்.