கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

சிதம்பரத்து வகுப்பறையில் ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறார்கள். சமூகவியல் ஆய்வு மாணவி எழிலரசி புரொஜெக்டர் வெளிச்சத்தில் நிற்கிறாள். முன்வரிசையில், கஞ்சி போட்ட வேட்டியில் அப்பா சிங்காரம். பக்கத்தில் அக்கா மங்கலம். திரையில் நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர்களின் வீடுகள் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. நிலம் கூடக் கூட மூத்த மகளின் படிப்பும் கூடுவதாக ஒரு கோடு மேலேறுகிறது. வலது மூலையில், தரையோடு தரையாக, ஒரே ஒரு புள்ளி தனியே கிடக்கிறது. அவ்வளவு நிலமும் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட மூத்த மகளும் ஊரில் ஒரு வீட்டில்தான் உண்டு. "எம் பொண்ணு கேக்கறா, ஒளிக்காமச் சொல்லுங்க" என்று, அவள் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, தெருவெல்லாம் சொல்லிவைத்தவர் சிங்காரம். தன் வீட்டுக் கணக்கை அவரும் ஒளிக்காமல்தான் சொன்னார்.

"அந்த ஒரு புள்ளியால கோடே சாயுதும்மா. எடுத்துட்டா கணக்கு அழகா வரும்" என்கிறார் பேராசிரியர். சிங்காரத்தின் விரல்கள் தோள்துண்டின் நுனியைப் பிடித்தபடி காத்திருக்கின்றன. எழிலரசி அவர் பக்கம் திரும்பவில்லை.

"தப்பான பதிலா இருந்தா எடுக்கலாம் சார். இது நெசம். எனக்கு நல்லாத் தெரிஞ்ச வீடு."

பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். சிங்காரம் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொள்கிறார். அவர் காதோரம் கண்ணாடி வளையல்கள் குலுங்குகின்றன. மங்கலம் கைதட்டுகிறாள்.