முப்பத்தெட்டுப் பற்கள்

அழகர்சாமிக்கு இதுவரை முப்பத்தெட்டுப் பற்கள் பிடுங்கியாகிவிட்டது என்றது கம்ப்யூட்டர். ஆனால் நாற்காலியில் சாய்ந்திருந்த அழகர்சாமியின் வாயில் முப்பத்திரண்டும் கெட்டியாக இருந்தன.

டாக்டர் சுபஸ்ரீக்கு எரிச்சல் பொங்கியது. ஸ்ரீரங்கம் கிளினிக்கின் ஐந்து வருஷத்துப் பழைய பதிவுகளை அன்று காலைதான் புதிய சாப்ட்வேரோடு இணைத்திருந்தார்கள். முதல் ஆளே இப்படி!

"ஜாவித், இது மனுஷனோட ரெக்கார்டா, கொள்ளிடத்து முதலையோடதா?"

சாப்ட்வேர்காரர் ஜாவித் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். "இணைப்புல தப்பில்ல மேடம். மொபைல் நம்பரை வச்சுத்தான் பழைய பதிவெல்லாம் வந்து சேருது. நம்பர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுன்னு எடுத்துக்கும். ரிசப்ஷன்ல இவர் சொன்னதும் இதே நம்பர்தான்."

"ஆறு மாசக் கர்ப்பம், எக்ஸ்ரே எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. அதுவும் இவருதானா?"

அழகர்சாமி திடுக்கிட்டார். "மேடம், நான் வந்து..."

"வாயை மூடாதீங்க." சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். "வலி எந்தப் பக்கம்? பேசாம கையால காட்டுங்க."

அவர் இடது கையை வாசல் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினார்.

"இடது பக்கமா? சரி." ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு சொத்தைகூட இல்லை. "கடைசிப் பல்லு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. இதுதான் படுத்துது. எடுத்துடலாம்."

அழகர்சாமி தலையை வேகமாக ஆட்டினார். சுபஸ்ரீ அவரைக் கவனிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா உங்க சாப்ட்வேரே எனக்கு வேணாம்" என்று ஜாவித்திடம் பொரிந்துகொண்டே ஊசியை எடுத்தாள்.

ஊசியைப் பார்த்ததுதான் தாமதம், அழகர்சாமி அவள் கையைத் தள்ளிவிட்டு நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார்.

"இவ்ளோ பயந்தா பல்வலி எப்படிங்க போகும்?"

"வலி எனக்கில்லீங்க, வெளிய உக்காந்திருக்கற இருசம்மாளுக்கு!" அவருக்கு மூச்சு வாங்கியது. "நம்பர் என்னுதுன்னு என் பேரைக் கூப்பிட்டாங்க, உள்ள வந்தேன். உக்காருன்னீங்க, உக்காந்தேன். பல்வலின்னு ஏறுறவங்கள்ல பாதிப் பேருகிட்ட போன் இல்ல, என் நம்பரைத்தான் குடுப்பேன். நான் ஆட்டோக்காரன் மேடம்!"