சூடு காட்டி நிமிர்த்துங்க!

நான் டிங்கர் பட்டறை வைத்திருந்த காலத்தில், நசுங்கிய கார் தெருமுனையில் முனகினாலே போதும், அது யாருடையது என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவேன்.

"ஆரம்பிச்சாச்சு புளுகு," என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சிரித்தாள்.

நீங்கள் கேளுங்கள். அன்று இழுவை வண்டிக்காரன் ஒரு காரை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான். காரின் முன்பக்கச் சட்டம் வளைந்து கிடந்தது. கூட வந்த இளைஞன் அழுத அழுகையில் பட்டறையே மிதந்தது.

"அண்ணே, நான் கட்டிக்க நினைக்கிற பொண்ணோட அப்பா கார். அவரை நான் இன்னும் பார்த்ததுகூட இல்ல. அவருக்குத் தெரியாம ஓட்டி இடிச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள சூடு காட்டி நிமிர்த்துங்க. தெரிஞ்சா கல்யாணம் அவ்வளவுதான்!"

"நிமிர்த்திடலாம் தம்பி, பார்க்கப் புதுசாட்டம் இருக்கும். ஆனா இந்த இரும்புல சூடு பட்டா பலம் போயிடும். அடுத்த தடவை மோதினா அட்டைப்பெட்டியாட்டம் மடங்கும். யாருக்குத் தெரியப்போகுது? பத்த வைக்கவா?"

கேஸ் டார்ச்சை எடுத்தேன். அவன் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்ணே! அந்தக் கார்லதான் அவ தினம் வேலைக்குப் போறா. புதுச் சட்டமே போடுங்க. கல்யாணம் நடக்கலைன்னாலும் பரவாயில்ல, அந்த மனுஷன் கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடறேன்."

"அப்போ விழு," என்றேன். "கார் என்னோடதுதான்."

விருந்தாளிகள் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது மட்டும் நிஜங்க," என்றாள் அவள். "எங்க மாப்பிள்ளை பொண்ணு கேட்டு வந்ததே இழுவை வண்டியிலதான்."