சங்கேதப் பாட்டு

"இது பாட்டே இல்லை. சங்கேதம். கையும் களவுமா பிடிச்சுட்டேன்" என்றார் வர்ஜில் ஸ்ட்ரவுட்.

ரேடியோ நிலையத்தின் கதவைத் தட்டக்கூட இல்லை. திறந்துகொண்டு வந்து நின்றார். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில், பைனாகுலர்.

உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் நட்டநடுவில், நெப்ராஸ்காவின் சோளக்காட்டில் கிடக்கிற அந்த ஊருக்கு ஜப்பான் விமானம் வந்து குண்டு போடுவதென்றால், வழியில் நாலு இடத்தில் இறங்கி பெட்ரோல் கேட்க வேண்டியிருக்கும். அதனால் என்ன? வர்ஜிலை 'விமானத் தாக்குதல் காவலர்' ஆக்கிவிட்டார்கள். பதவி என்று ஒன்று வந்த பிறகு மனுஷன் சும்மா இருக்க முடியுமா? காலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி மேல்தான் இருந்தார்.

அறைக்குள் ஒரே இசைத்தட்டு இரண்டாம் முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட்டுகள் கும்மாளம் போட, 'கப்பல்காரா, என்னோட ஆடு' என்று ஒருத்தி உற்சாகமாகப் பாடினாள்.

அறிவிப்பாளர் நடீன் கோலார் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"இந்த நேரத்துல நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"வந்தா சங்கேதம் கெட்டுப்போயிடுமோ? யாராவது போன் பண்ணிக் கேட்கிற பாட்டை ரேடியோவுல போடக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு. எதுக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும். ஒற்றனுக்கு ஒற்றன் பாட்டுல சேதி அனுப்புவான்னு."

"அப்புறம் இந்தப் பாட்டு மட்டும் ஏன் திடீர் திடீர்னு வருது? கோழித்தீவன விலை சொல்லிக்கிட்டே இருக்கே, பாதியில நிறுத்திட்டு இதைப் போடுறே. உடனே பேக்கரிக்காரி கடையைச் சாத்துறா. தையல்காரி காஜா எடுக்கிற சட்டையைப் போட்டுட்டு ஓடுறா. எல்லாரும் சர்ச் பின்கதவுல கூடுறாங்க. கையில மூடி போட்ட பாத்திரம் வேற. அதுக்குள்ள என்ன?"

"உருளைக்கிழங்கு."

"உருளைக்கிழங்கை எந்த ஊர்ல ஓடிக்கிட்டே கொண்டுபோறாங்க?"

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

"போக மாட்டேன். என் பையன் லைல் நடுக்கடல்ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நீங்க இங்க ஆட்டப் பாட்டு போட்டு எதிரிக்குச் சேதி சொல்றீங்க. இப்பவே ஷெரீஃபைக் கூப்பிடுறேன்." போனை எடுத்துவிட்டார்.

நடீன் அவர் கையைப் பிடித்தாள். "வைங்க. சொல்லிடறேன். சங்கேதம்தான்."

வர்ஜிலுக்கு அந்த நிமிஷம் ஒரு மெடல் குத்திய மாதிரி இருந்தது. "யாருக்கு?"

"ஊர்ப் பொம்பளைங்களுக்கு. கீழே தந்தி ஆபீஸ்ல ஓபல் இருக்கா இல்லையா, அவ மாடியேறி வந்து எனக்குச் சொல்லுவா. நான் பாட்டு போடுவேன்."

"எதைச் சொல்லுவா?"

"போர்ல ஆள் போயிட்டா, 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்'னு ஆரம்பிச்சு ஒரு தந்தி வருமே, அது வந்திருக்குன்னு."

வர்ஜில் போனை வைத்தார்.

"போன வருஷம் மிஸஸ் டாலி தனியா இருக்கிறப்போ அது வந்துச்சு. வாசல்லயே விழுந்து கிடந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. பாட்டு கேட்டா எல்லாரும் சர்ச்சுக்குப் போகணும். யார் வீடுன்னு ஓபல் அங்க வந்து சொல்லுவா. தந்தி போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நாலு பேர் அந்த வீட்டுல இருக்கணும், கையில சாப்பாட்டோட."

"போன் பண்ணிக்கலாமே?"

"எட்டு வீட்டுக்கு ஒரே லைன். ஒரு வீட்டுல மணி அடிச்சா மத்த ஏழு வீடும் எடுத்து ஒட்டுக் கேட்குது. அந்த ஏழுல ஒண்ணு, அந்தத் தந்திக்காரங்க வீடாயிருந்தா?"

வர்ஜிலுக்கு, இத்தனை நாள் தொட்டி மேல் ஏறி இதையா வேவு பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பதவி விடுமா?

"நல்ல காரியம்தான். இருந்தாலும், ஊர்க் காவலர் என்கிட்டயே மறைச்சுட்டீங்களே. என்மேல நம்பிக்கை இல்லையா?"

"பிள்ளையைப் போருக்கு அனுப்பின வீட்டுக்கு மட்டும் சொல்றதில்லைன்னு முடிவு. சொன்னா அவங்களால அப்புறம் நிம்மதியா ரேடியோ கேட்க முடியாதே."

"அதுவும் சரிதான்." இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "போகட்டும், புகாரெல்லாம் கொடுக்கலை. நானும் போய் ஏதாவது ஒத்தாசை பண்றேன். பாவம், இன்னிக்கு யார் வீட்டுல?"

பாட்டு முடிந்துவிட்டது. நடீன் தட்டை மாற்றவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க வீட்டம்மா பக்கத்துல இந்நேரம் அஞ்சாறு பேர் இருப்பாங்க, மிஸ்டர் ஸ்ட்ரவுட். நீங்கதான் இல்லை."