பேப்பர் உள்ள பூனையும் இல்லாத பல்லியும்

பவளம் என்ற பூனை தன் வீட்டுக்காரர்களோடு விமானம் ஏறி அயல்நாடு போனது. கழுத்துத் தோலுக்கடியில் சிப், வெறிநோய் ஊசி, ரத்தப் பரிசோதனை, டாக்டர் சான்றிதழ் எல்லாம் பக்காவாக இருந்தும், புதிதாக வரும் பிராணிகளைக் கொஞ்ச நாள் அடைத்துவைத்துப் பார்க்கும் கூண்டில்தான் அதையும் விட்டார்கள்.

அதன் போர்வை மடிப்பிலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்து, விறுவிறுவென்று சுவரேறியது.

"ஏய், உன்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?" என்று அதட்டியது பவளம்.

"வால் இருக்கு அக்கா. அதுவும் பாதிதான்."

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பேரு. என்கிட்ட பேசாதே."

 பல்லி ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டு விளக்கோரமாக ஒட்டிக்கொண்டது.

முடிவு சொல்லும் நாள் வந்தது. அதிகாரி பேப்பர் கட்டோடு வருவதைப் பார்த்ததும் பவளம் கூண்டின் மூலைக்கு ஒதுங்கியது. மெல்லத் தலையைத் தூக்கிப் பல்லியைப் பார்த்து, "ஏம்மா, நம்ம ஊர்ல நீங்க சொன்னா பலிக்கும்னு சொல்வாங்களே. எனக்காக ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று குழைந்தது.

பல்லியும் மனசார, "இச் இச் இச்" என்றது.

அந்த அதிகாரி பிறந்ததிலிருந்து பல்லிச் சத்தம் கேட்டதில்லை. பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இருமல் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பவளம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மேலேயிருந்து பல்லி அக்கறையோடு கேட்டது: "சத்தம் பத்தலையோ? இன்னொரு தடவை சொல்லட்டுமா அக்கா?"